ஆட்டோமேட்டிக் வண்டி மூன்றாம் கியரில் சிக்கிக்கொண்டால்: பெட்டியை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆட்டோமேட்டிக் காரில் கியர் சரியாக மாறவில்லை என்று கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால், வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுப் பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: “பாக்ஸ் போச்சுங்க.” அடுத்த வார்த்தை லட்சத்தில் இருக்கும். கியர் பெட்டி உண்மையிலேயே போயிருக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் தேயும் விதம் வேறு, கரண்ட் கோளாறு வரும் விதம் வேறு. தேய்மானம் மாதக்கணக்கில் மெல்ல வரும். கரண்ட் கோளாறு நேற்று வரை நன்றாக ஓடிய வண்டியில் இன்று காலை வரும், மதியம் காணாமல் போகும், மறுநாள் மேட்டுப்பாளையம் போகிற வழியில் திரும்ப வரும். இப்படி வந்து வந்து போகிறது என்றால் ஸ்பேனரைத் தொடும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த ஆட்டோமேட்டிக் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2014இல் செலேரியோவோடு நம் நாட்டுக்கு வந்த ஏஎம்டி, உண்மையில் சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் நம் கைகாலுக்குப் பதில் ஒரு ஆக்சுவேட்டர் இயக்குகிறது. அதில் வரும் கோளாறுகளின் வரிசையே வேறு. இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள பெட்டிகளைத்தான் இங்கே முக்கியமாகப் பேசுகிறேன். பெல்ட்டும் கப்பியும் வைத்து ஓடும் சிவிடி வண்டிக்கும் சென்சார், வயரிங், எர்த் பற்றியவை பொருந்தும்.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. ஒரு நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர், கியர் பாக்ஸ் கம்ப்யூட்டரையும் படிக்கக்கூடிய ஒரு ஸ்கேனர், உங்கள் மாடலுக்கான வயரிங் படம். மலிவான புளூடூத் ஸ்கேனர்கள் பல இன்ஜின் கம்ப்யூட்டரோடு நின்றுவிடும். அதில் பி0700 என்ற கோளாறு எண் (கோடு, அதாவது code) மட்டும் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, தெரிந்துகொள்ளவும் ஒன்றுமில்லை. கியர் பாக்ஸின் கம்ப்யூட்டர், அதாவது டிசிஎம், “என்னிடம் ஒரு கோடு இருக்கிறது, வந்து படி” என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லி அனுப்பிய தகவல் அது, அவ்வளவுதான். உண்மையான கோடு டிசிஎம்முக்குள் இருக்கிறது. வயரிங் படம் இல்லாமல் கப்ளரில் (வயர்கள் சேரும் இணைப்பில்) மீட்டர் முனையைக் குத்துவதைவிட வீட்டில் படுத்துத் தூங்கலாம்.

டெஸ்ட் லைட்டை டிசிஎம் வயர்களில் வைக்காதீர்கள். பல்பு இழுக்கும் கரண்ட் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரைச் சாய்த்துவிடும். கப்ளரைக் கழற்றும்போது இக்னிஷன் ஆஃப். வண்டிக்கு அடியில் போவதானால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும், சக்கரத்துக்குக் கட்டையும் கட்டாயம்.

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் ஐந்து நிமிடம் இங்கேதான். வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2க்குக் கீழே போனால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் சார்ஜ் போடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை நிற்க வேண்டும்.

கியர் மாற்றுவது ஆயில் அழுத்தம் என்றாலும் அந்த ஆயிலைத் திறந்து மூடுகிற சோலினாய்டுகளுக்கு வேண்டியது கரண்ட். வோல்டேஜ் தள்ளாடினால் டிசிஎம் தன் சென்சார்களையே நம்பாமல் போய்விடும். தோட்டத்துச் சாளையில் வாரக்கணக்கில் நிற்கிற, ஞாயிற்றுக்கிழமை ஒரம்பரை வீட்டுக்கு மட்டும் எடுக்கிற வண்டிகளில் இதை நிறையப் பார்க்கலாம். ஏஎம்டி என்றால் இன்னும் மோசம். பல மாடல்களில் டிரைவர் கதவைத் திறந்ததும் “ஊம்” என்று ஒரு சின்ன பம்ப் சத்தம் கேட்கும்; பேட்டரி பலவீனமானால் அந்தப் பம்ப் அழுத்தத்தைக் கட்ட முடியாமல் கியர் நியூட்ரலிலேயே நின்றுவிடும்.

ஆனால் ஒன்று. கோடுகளைப் படித்து எழுதி வைக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றாதீர்கள். “டெர்மினலைக் கழட்டி மாட்டுனா சரியாயிடும்” என்று பக்கத்தில் நிற்கிறவர் சொல்வார். சில சமயம் சரியாகவும் ஆகும். அதோடு தடயமும் போய்விடும். டிசிஎம் கற்று வைத்திருந்த கிளட்ச் கணக்கும் பல வண்டிகளில் அழிந்து, கொஞ்ச தூரத்துக்குக் கியர் முரட்டுத்தனமாக மாறும். அதைப் பார்த்துவிட்டுப் புதிதாக ஒரு கோளாறு வந்துவிட்டதாக நினைத்து அலைந்தவர்கள் உண்டு.

“மூணாவது கியர்லயே நிக்குதுங்க, எடுக்கறப்பவே ஏற மாட்டேங்குது”

இதுதான் லிம்ப் மோடு. அதிகம் வருவதும் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

டிசிஎம்முக்கு ஒரு சிக்னல் மேல் சந்தேகம் வந்தால், தப்பான கியரைப் போட்டு பெட்டியை உடைப்பதைவிட எல்லா சோலினாய்டுக்கும் கரண்ட்டை நிறுத்திவிடுவது மேல் என்று வடிவமைத்திருக்கிறார்கள். கரண்ட் இல்லாதபோது வால்வுகள் ஸ்பிரிங் தள்ளிய பக்கம் போய் நிற்கும். அந்த நிலையில் எந்தக் கியர் கிடைக்குமோ அதுதான் ஓடும். பழைய நாலு கியர் பெட்டிகள் பலவற்றில் அது மூன்றாம் கியர். புதியவற்றில் மாடலைப் பொறுத்து மாறும். ரிவர்ஸ் வழக்கமாக வேலை செய்யும். மின்சாரம் போனதும் கதவு தானே பூட்டிக்கொள்கிற லாக்கர் மாதிரி, இது கோளாறு அல்ல, கோளாறுக்குப் பிறகு வரும் ஏற்பாடு.

இதில் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. மூன்றாம் கியரிலும் ரிவர்ஸிலும் வண்டி வழுக்காமல் இழுக்கிறது என்றால், ஆயில் பம்ப் நன்றாக இருக்கிறது, அந்தக் கியர்களுக்கான கிளட்சுகள் பிடிக்கின்றன. “பாக்ஸ் போச்சு” என்ற தீர்ப்பு அங்கேயே ஆட்டம் காண்கிறது.

அடுத்த கேள்வி: லிம்ப் மோடு எப்போது வருகிறது? இக்னிஷன் போட்ட உடனேயே வந்தால், டிசிஎம்முக்கு வரும் சப்ளை, ஃபியூஸ், எர்த், அல்லது அறுந்துபோன சோலினாய்டு சுற்று. இவற்றை டிசிஎம் விழித்ததும் தானே சோதித்துக்கொள்ளும். வண்டி எடுத்து, முதல் இரண்டு கியர் மாறிய பிறகு வந்தால் வேக சென்சார்கள் மேல் சந்தேகம் வையுங்கள். இருபது முப்பது கிலோமீட்டர் ஓடி, ஆயில் சூடேறிய பிறகு வந்தால் சூட்டில் விட்டுப்போகும் சோலினாய்டு சுருளோ வயரோ.

ஃபியூஸைக் கண்ணால் பார்த்துவிட்டு விடாதீர்கள். இக்னிஷன் போட்டு, ஃபியூஸ் முதுகில் இருக்கும் இரண்டு புள்ளிகளிலும் வோல்டேஜ் பாருங்கள். இரண்டிலும் பேட்டரி அளவு வர வேண்டும். பிறகு டிசிஎம் கப்ளரின் சப்ளை பின்னில் அதே அளவு வருகிறதா என்று பாருங்கள்.

எர்த்தை ஓமில் அளக்காதீர்கள். நூறு இழை வயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பூஜ்யம் என்றே காட்டும். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு, கறுப்பு முனையை பேட்டரி நெகடிவிலும் சிவப்பு முனையை டிசிஎம் எர்த் பின்னிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் வந்தால் வழியில் எங்கோ எர்த் அரித்திருக்கிறது. பேட்டரி நெகடிவிலிருந்து பாடிக்கும் கியர் பாக்ஸுக்கும் போகும் பட்டை வயரைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினாலே பல வண்டிகள் திருந்திவிடும்.

அப்புறம் சோலினாய்டுகள். கியர் பாக்ஸ் மேல் இருக்கும் பெரிய கப்ளரைக் கழற்றி, வயரிங் படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக ஓம் அளக்க வேண்டும். சும்மா திறந்து மூடுகிற வகை பெரும்பாலும் 11 முதல் 16 ஓம் காட்டும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற லீனியர் வகை சுமார் 3 முதல் 6 ஓம். உங்கள் வண்டிக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருப்பதுதான். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்தது; ஒரு ஓமுக்குக் கீழே காட்டினால் ஷார்ட். ஒரே வகை சோலினாய்டுகளில் நாலில் மூன்று 13 காட்டி ஒன்று மட்டும் 19 காட்டினால் அந்த ஒன்றைப் பிடியுங்கள்.

சூட்டையும் கணக்கில் வையுங்கள். செம்பு சூடேறினால் ஓம் கூடும், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம். காலையில் 25 டிகிரியில் 12 ஓம் காட்டிய சுருள், ஆயில் 95 டிகிரி ஆனதும் 15 ஓமுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். இது கோளாறு அல்ல. இது தெரியாமல் நல்ல சோலினாய்டை மாற்றிக் காசு விட்டவர்கள் இருக்கிறார்கள்.

பெட்டியின் கப்ளரில் சரியாகக் காட்டுகிறதா? அதே அளவை டிசிஎம் முனையிலிருந்து எடுங்கள். அங்கே தப்பாக வந்தால் இடையில் இருக்கும் வயரிங்தான் குற்றவாளி, பெட்டியைத் தொடவே வேண்டியதில்லை. இந்த ஒரு ஒப்பீடு, மற்ற எல்லாவற்றையும்விடப் பணத்தை மிச்சப்படுத்தும்.

சோலினாய்டுக்கு நேராக 12 வோல்ட் கொடுத்து “டிக்” சத்தம் கேட்பது திறந்து மூடும் வகைக்கு மட்டும், அதுவும் ஒரு கணம்தான். லீனியர் வகைக்கு வேண்டாம். 5 ஓம் சுருளில் நேராகக் கொடுத்தால் இரண்டரை ஆம்பியர் பாயும். அது வேலை செய்வது ஏறத்தாழ ஒரு ஆம்பியருக்குள். சுருள் கருகிவிடும்.

கோடிலேயே இந்தப் பிரிவு தெரியும். பி0753 என்றால் ஏ சோலினாய்டின் மின்சுற்றில் கோளாறு. பி0751 என்றால் கரண்ட் போகிறது, ஆனால் எதிர்பார்த்த கியர் விழவில்லை. வால்வு மாட்டிக்கொண்டிருக்கலாம், ஆயில் அழுக்காக இருக்கலாம். முதலாவதற்கு மீட்டர், இரண்டாவதற்கு மெக்கானிக்.

லிம்ப் மோடில் மெதுவாக அருகிலிருக்கும் ஊர் வரை போகலாம். ஆனால் அப்படியே திம்பம் ஏற நினைக்காதீர்கள். மூன்றாம் கியரில் மேட்டில் இழுக்கும்போது டார்க் கன்வெர்ட்டர் வழுக்கி ஆயிலைக் கொதிக்க வைக்கும்; அப்புறம் பெட்டி நிஜமாகவே போகும்.

“சமதளத்துல நல்லா ஓடுது, மலை ஏறுனா லைட் வருது”

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. இந்தச் சாலைகளில் கியர் பாக்ஸுக்கு இரண்டு விஷயம் ஒன்றாக நடக்கிறது: ஆயில் சூடாகிறது, இன்ஜினும் பெட்டியும் மவுண்ட்டில் சாய்ந்து ஆடுகின்றன. சூட்டால் வருகிறதா ஆட்டத்தால் வருகிறதா என்று பிரிப்பதுதான் வேலை.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஸ்கேனரில் லைவ் டேட்டாவை (சென்சார்கள் அப்போதைக்கப்போது காட்டும் எண்களை) திறந்து, இன்ஜின் ஓட கியர் பாக்ஸ் வயரிங் கிட்டை ஒரு சாண் ஒரு சாணாக அசையுங்கள். எங்கே அசைக்கும்போது எண் குதிக்கிறதோ அங்கே இருக்கிறது லூஸ் கான்டாக்ட். எக்சாஸ்ட் பக்கம் கையை விடாதீர்கள். அசைத்து எதுவும் ஆகவில்லை என்றால் சூடு. ஆயில் நன்றாகச் சூடான உடனே மறுபடி ஓம் எடுங்கள். காலையில் 12 காட்டியது இப்போது முடிவிலி என்றால் உள்ளே சுருள் சூட்டில் பிரிகிறது.

ஆயில் சூட்டு சென்சாரையும் பார்த்துவிடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அது வெளிக்காற்றின் சூட்டையே காட்ட வேண்டும். மைனஸ் 40 காட்டினால் பெரும்பாலும் சுற்று அறுந்திருக்கிறது. சூடேறச் சூடேற அதன் ஓம் குறையும், செம்புக்கு நேர் எதிர்.

அப்புறம் எலி. காங்கேயம் பக்கம் தேங்காய்க் களத்துக்கும் நெல் மில்லுக்கும் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெட்டியின் மேல்தளம் இரவில் வெகுநேரம் கதகதப்பாக இருக்கும், வயரிங் கிட் அதன் மேலேயேதான் ஓடுகிறது, எலிக்கு அதைவிட நல்ல மெத்தை கிடையாது. முழுதாக அறுந்த வயரைக் கண்டுபிடிப்பது சுலபம். மேல்தோல் மட்டும் கடிபட்டு, உள்ளே செம்பு பச்சை பூத்த வயர்தான் ஆளை அலைக்கழிக்கும். அதை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். வெட்டி, சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். ஒன்றோடொன்று முறுக்கியிருக்கும் ஜோடி வயர் என்றால், ஒட்டிய பிறகு பழையபடி முறுக்கி விடுங்கள். அது பெரும்பாலும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் லைன், முறுக்கு போனால் இரைச்சல் புகும்.

“பி-யில செல்ஃப் அடிக்கல, என்-னுக்குத் தள்ளுனா அடிக்குது”

இதற்கு ஸ்கேனரே தேவையில்லை. லீவர் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ரேஞ்ச் சுவிட்சுதான். மீட்டரில் கியர் எழுத்து தப்பாகக் காட்டுவது, ரிவர்ஸ் லைட் எரியாமல் போவது, டி-யில் ஓடும்போது திடீரென எழுத்து மறைந்து பெட்டி லிம்ப் மோடுக்குப் போவது எல்லாம் இதன் பிள்ளைகள். கோடு பி0705 அல்லது பி0706.

லீவரைப் பி-யிலிருந்து கடைசி வரை மெதுவாக நகர்த்தி, லைவ் டேட்டாவில் எழுத்து கூடவே மாறுகிறதா என்று பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் பிசகினால் கேபிளோ சுவிட்சின் அட்ஜஸ்ட்மென்ட்டோ நகர்ந்திருக்கிறது. பெட்டிக்கு வெளியே மாட்டும் வகை என்றால் என்-னில் வைத்து, சுவிட்சில் இருக்கும் குறியை ஷாஃப்ட்டின் குறியோடு சேர்த்து இறுக்க வேண்டும். எல்லா இடத்திலும் குழம்பினால் கப்ளருக்குள் தண்ணீர். வாட்டர் சர்வீஸ் போட்டு வந்த மறுநாள் இது ஆரம்பித்தது என்றால் சந்தேகமே வேண்டாம். பிரஷர் கன்னை இன்ஜின் ரூமுக்குள் அடிக்க விடுவதை நிறுத்துங்கள்.

ரிவர்ஸ் கேமராவை வெளிக் கடையில் போட்டீர்களா? அதற்குக் கரண்ட் எடுத்த வயரைப் போய்ப் பாருங்கள். ரிவர்ஸ் லைட் வயரில் போட வேண்டியதைச் சுவிட்சின் சிக்னல் வயரில் போட்டுவிட்டுப் போகிற கைகள் உண்டு.

“லீவர் பி-யை விட்டு வரவே மாட்டேங்குது”

பிரேக்கை மிதித்துக்கொண்டு யாரையாவது பின்னால் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் லைட் எரியவில்லை என்றால் ஃபியூஸ் அல்லது பிரேக் சுவிட்ச், முடிந்தது விஷயம். எரிகிறதா? அப்போதும் சுவிட்சை விடுதலை செய்துவிடாதீர்கள். பலவற்றில் இரண்டு கான்டாக்ட் இருக்கும்; ஒன்று லைட்டுக்கு, மற்றொன்று கம்ப்யூட்டருக்கு. அவசரத்துக்கு லீவர் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். ஹேண்ட் பிரேக் போட்டு, காலால் பிரேக்கை மிதித்து, அந்த மூடிக்குள் சாவியையோ ஸ்க்ரூ டிரைவரையோ அழுத்தினால் லீவர் விடுபடும்.

“ஸ்பீடோமீட்டர் முள் ஆடுது, கியர் கண்டபடி மாறுது”

வேக சென்சார். பி0715 உள்ளே வரும் வேகம், பி0720 வெளியே போகும் வேகம். இரண்டு வயர் வகை என்றால் ஓம் அளக்கலாம், சில நூறு ஓம் காட்டும். மூன்று வயர் வகையை ஓமில் அளப்பதில் பயனில்லை. அதற்கு சப்ளை வருகிறதா, சக்கரம் சுற்றும்போது சிக்னல் மேலும் கீழும் தாவுகிறதா என்று பாருங்கள். கழற்றினால் நுனியைத் துடைத்துப் பாருங்கள். இரும்புத் தூள் கொஞ்சம் ஒட்டியிருப்பது வழக்கம். செதில் செதிலாக இருந்தால் அது கரண்ட் கோளாறு அல்ல, பெட்டிக்குள் ஏதோ அரைபடுகிறது.

“எல்லா கியரும் இடிச்சு இடிச்சு விழுது”

அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டுக்குக் கரண்ட் போகாவிட்டால் அழுத்தம் குறையும் என்று நினைப்போம். பல பெட்டிகளில் நேர்மாறு: கரண்ட் நின்றால் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். கிளட்ச் வழுக்கிக் கருகுவதைவிட இடித்துப் பிடிப்பது மேல் என்ற கணக்கு. அதனால் ஒரு கியர் மட்டும் இடித்தால் ஒரு காரணம் தேடுங்கள்; எல்லாமே இடித்தால் இந்த ஒரு சோலினாய்டையும் அதன் வயரையும் முதலில் பாருங்கள்.

“மழைத் தண்ணியில போனதுல இருந்து எல்லா லைட்டும் எரியுது”

கோயம்புத்தூர் லங்கா கார்னர் பாலத்தடியிலும் அவினாசி ரோடு மேம்பாலத்தடியிலும் ஒரு நல்ல மழைக்குத் தண்ணீர் நிற்பது எல்லோருக்கும் தெரியும். அதில் புகுந்து வந்த பிறகு ஏபிஎஸ், இன்ஜின், கியர் என்று லைட்டுகள் கூட்டமாக வந்தால் தனித்தனி கோளாறாக இருக்க வாய்ப்புக் குறைவு. கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச முடியவில்லை. யு0101 என்றால் டிசிஎம்மோடு தொடர்பு அறுந்தது.

பேட்டரியைக் கழற்றி (கோடுகளை எழுதி வைத்த பிறகு), ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் 6க்கும் 14க்கும் இடையே ஓம் எடுங்கள். கேன் லைனின் இரு முனையிலும் 120 ஓம் வைத்திருப்பார்கள், இரண்டும் சேர்ந்து 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்தது. பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டன. சில புதிய வண்டிகளில் இந்த சாக்கெட்டுக்கும் லைனுக்கும் நடுவே கேட்வே என்ற இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கும். அவற்றில் இந்த அளவை நம்ப முடியாது. 60 சரியாக வந்தால் டிசிஎம் சப்ளைக்கும் எர்த்துக்கும் திரும்பிப் போங்கள். டிசிஎம் எங்கே இருக்கிறது என்று மேனுவலில் பாருங்கள்; பேட்டரி தட்டுக்குப் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, கால் மிதியடிக்கு அடியில் இருந்தால் கார்ப்பெட்டைத் தூக்கி ஈரம் பாருங்கள்.

டிசிஎம் கப்ளரைக் கழற்றும்போது தண்ணீருக்குப் பதில் ஆயில் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். மெர்சிடிஸின் 722.6 பெட்டியில் இது பேர்போன வியாதி: 13 பின் கப்ளரின் சீல் கசிந்து, ஆயில் வயரின் இழைகளுக்குள்ளேயே ஏறி டிசிஎம் வரை போய்விடும். அங்கே துடைத்தால் போதாது, கீழே சீலையும் மாற்ற வேண்டும்.

எப்போது மீட்டரை வைத்துவிட வேண்டும்

கோடு எதுவும் இல்லை, ஆயில் கறுத்துக் கருகிய வாடை அடிக்கிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சுற்று ஏறுகிறது ஆனால் வண்டி நகர யோசிக்கிறது. இது வயரில் தீராது. ஆயில் அளவைப் பார்த்துவிட்டுப் பெட்டி பிரிக்கத் தெரிந்த ஆளிடம் போங்கள். வேறு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது ஆயில் பம்ப் சுற்றாது, ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருண்டால் பெட்டி வறண்டு அரைபடும். பிளாட்பெட் வண்டி கூப்பிடுங்கள்.

டிசிஎம்மையே மாற்ற வேண்டும் என்று முடிவாகிவிட்டால், பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலானவை அந்தந்த வண்டிக்குப் புரோகிராம் செய்யப்பட்டவை. புதிதோ பழையதோ, உங்கள் வண்டிக்கு எழுதித் தருகிற ஆளை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.

வேலை முடிந்ததும் கோடுகளை அழித்து, ஆயில் சூடாகும் வரை ஓட்டுங்கள். பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிற மாதிரி நேரான சாலையாக இருந்தால் நல்லது. மெதுவாக எடுத்து, ஒவ்வொரு கியரும் தானாக ஏற விட்டு, நிறுத்தி, மறுபடி எடுங்கள்; டிசிஎம் தன் கணக்கைத் திரும்பக் கற்றுக்கொள்ளும். திரும்பி வந்ததும் ஸ்கேனரை மாட்டி, லைட் எரியாவிட்டாலும், பென்டிங் கோடு (இன்னும் உறுதியாகாத கோளாறு எண்) ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.